ருண்ட்லிங்: வட ஜெர்மனியின் வளையூர்

நடுவில் ஒரு திடல். அதைச் சுற்றி வளைந்து நிற்கும் பண்ணை வீடுகள். உள்ளே வர ஒரே ஒரு பாதை. அதுவும் திடலோடு முடிந்துவிடும், மறுபக்கம் வெளியேற வழி கிடையாது. இப்படி அமைந்த சிற்றூரை ஜெர்மன் மொழியில் ருண்ட்லிங் என்கிறார்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பண்ணைகளுக்கு மேல் இருக்காது.

இத்தகைய ஊர்களை இன்றும் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் வெண்ட்லாந்துக்குத்தான் போக வேண்டும். ஹாம்பர்க் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், நீடர்சாக்சன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பகுதி அது. வடகிழக்கில் எல்பே ஆறு, நடுவே யேட்செல் என்ற சிற்றாறு, மேற்கே ட்ராவேன் என்ற காட்டு மேடு. லூபெல்ன், சாட்டெமின், ஷ்ரையான் எல்லாம் இங்குள்ள ஊர்கள். லூபெல்னில் இந்த ஊர் அமைப்புக்கென்றே ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ருண்ட் என்றால் வட்டமான என்று பொருள். இது ஜெர்மன் வேர் அல்ல; லத்தீன் ரொட்டுண்டுஸ், பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. அதற்கும் அடியில் இருப்பது ரோட்டா, அதாவது சக்கரம். லிங் என்பது பெயராக்கும் விகுதி. ஃப்ரெம்ட் என்றால் அயலான, ஃப்ரெம்ட்லிங் என்றால் அயலான். ஃப்ரூ என்றால் முந்திய, ஃப்ரூலிங் என்றால் ஆண்டின் முதலில் வரும் வசந்தம். அதே முறையில் ருண்ட்லிங் என்பது வட்டமாக இருப்பது, அவ்வளவுதான். ஊர் என்ற பொருள் சொல்லுக்குள் எங்கும் இல்லை. பயன்பாட்டில்தான் அது ஊரைக் குறிக்கத் தொடங்கியது.

ஆனால் இந்த எளிய சொல்லின் மேல் ஒரு பெரிய வாதம் ஏற்றப்பட்டது. வெண்ட்லாந்து என்றால் வெண்டுகளின் நாடு. தங்களுக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவ் மக்களை ஜெர்மானியர்கள் வெண்டுகள் என்றுதான் அழைத்தார்கள். இங்கே இருந்தவர்கள் ட்ரெவானி என்ற ஸ்லாவ் பிரிவினர். பெயருக்கு மரங்களிடையே வாழ்பவர்கள் என்று பொருள். ட்ராவேன் மேட்டின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஊர்ப் பெயர்களின் முடிவில் வரும் இட்ஸ், ஓ ஆகியவையும் ஸ்லாவ் தடங்களே. லூஹோ, டோல்கோ போன்ற பெயர்களை ஜெர்மன் எழுத்தில் எழுதும்போது கடைசியில் ஒரு வகரம் இருக்கும், வாயில் வராது.

சரி, ஊர்ப் பெயர் ஸ்லாவியம் என்றால் ஊரின் வடிவமும் ஸ்லாவியம்தானே என்ற முடிவுக்கு 19ஆம் நூற்றாண்டில் பலர் வந்தார்கள். 1895இல் வேளாண் வரலாற்று அறிஞர் ஆகுஸ்ட் மைட்சன் வெளியிட்ட பெரிய ஆய்வு, குடியிருப்பின் வடிவத்தைக் கொண்டே அங்கு வாழ்ந்த இனத்தை அறியலாம் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது. வட்டமென்றால் ஸ்லாவ், ஒழுங்கில்லாமல் குவிந்திருந்தால் ஜெர்மானியர்! இந்தக் கருத்து நிற்காது என்பதற்கு வரைபடமே போதும். வட்ட ஊர்கள் பால்டிக் கரையின் கீல் பகுதியிலிருந்து தெற்கே எர்ட்ஸ் மலைத்தொடர் வரை ஒரு பட்டையாகப் பரவியிருக்கின்றன. ஜெர்மானியரும் ஸ்லாவியரும் சந்தித்த எல்லைப் பட்டை அது. வடிவம் ஸ்லாவியருடையதாக இருந்திருந்தால், அவர்களுடைய நாட்டின் உட்பகுதியில் அல்லவா இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும்?

பகைவரைத் தடுக்க, மாடுகளை இரவில் அடைக்க என்றெல்லாம் வேறு விளக்கங்களும் உண்டு. அவற்றைவிட எனக்கு ஏற்புடையது புவியியலாளர் வொல்ஃப்காங் மைபையரின் விளக்கம். 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பிரபுக்கள் ஸ்லாவ் உழவர்களைத் திட்டமிட்டுக் குடியமர்த்தியபோது பிறந்த வடிவம் இது என்கிறார் அவர். தொடக்கத்தில் சில பண்ணைகள் குதிரை லாட வடிவில் நின்றன. பிறகு பண்ணைகள் பாகம் பிரிக்கப்பட்டு வீடுகள் பெருகியபோதுதான் வளையம் மூடிக்கொண்டது.

இந்த விளக்கம் நிலத்தோடும் பொருந்துகிறது. ஊர்கள் நிற்பது இரண்டு நிலங்கள் சேரும் விளிம்பில்: ஒருபுறம் உழவுக்கான உலர்ந்த மணல் மேடு, மறுபுறம் மாடு மேய்வதற்கான ஈரத் தாழ்நிலம். ஒவ்வொரு மனையும் ஆப்பு வடிவம். திடலை ஒட்டிக் குறுகலாகத் தொடங்கி, பின்னால் தோட்டமும் கருவாலி மரங்களுமாக விரியும். வீட்டின் முக்கோண முகப்பு திடலைப் பார்த்திருக்கும், அதன் நடுவே வண்டி நுழையும் அளவுக்குப் பெரிய கதவு. மனிதர்கள், மாடுகள், தானியம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கதவின் மேல் உத்தரத்தில் கட்டியவர்களின் பெயர்களையும் ஆண்டையும் ஒரு வேண்டுதல் வரியையும் செதுக்கிவைப்பார்கள். இன்று நாம் பார்க்கும் செழிப்பான முகப்புகளுக்குப் பின்னால் ஆளி நாரில் நெய்த துணி வியாபாரம் தந்த பணம் இருக்கிறது. சாட்டெமின் 1850இல் தீயில் அழிந்தது. மீண்டும் கட்டியபோதும் வளையத்தையே வைத்துக்கொண்டார்கள். அதனால் அங்குள்ள வீடுகள் ஒரே காலத்தவை, ஒரே சாயலில் நிற்கின்றன. தேவாலயம் மட்டும் இத்தகைய ஊர்களின் வளையத்துக்குள் வராது. இருந்தால் வெளியே நிற்கும், பல ஊர்களில் இல்லவே இல்லை.

வடிவம் தப்பியது, மொழி தப்பவில்லை. இதைச் சொல்லாமல் வெண்ட்லாந்தைப் பற்றி எழுதவே கூடாது என்று நினைக்கிறேன். இங்கிருந்த ஸ்லாவ் மக்கள் பேசிய போலாபிய மொழி 18ஆம் நூற்றாண்டில் மறைந்தது; வெண்டிய மொழி என்று அழைக்கப்பட்டதும் இதுதான். வுஸ்ட்ரோ ஊரின் பாதிரியார் கிறிஸ்டியன் ஹென்னிக், கிளென்னோ ஊர் உழவர் ஒருவர் சொல்லச் சொல்லச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதி செய்தார். சூட்டென் ஊரில் யோகான் பாரும் ஷுல்ட்சே என்ற உழவர் சத்திரமும் நடத்திவந்தார். 1725 வாக்கில் தன் குறிப்பேட்டில் அவர் எழுதிவைத்தது நெஞ்சை அழுத்துகிறது: எனக்கு 47 வயது, நானும் எங்கள் ஊரில் இன்னும் மூன்று பேரும் போய்விட்டால் நாயை வெண்டிய மொழியில் எப்படிச் சொல்வது என்றுகூட யாருக்கும் சரியாகத் தெரியாது. 1756இல் இறந்த எமெரென்ட்ஸ் ஷுல்ட்சே என்ற மூதாட்டியை அந்த மொழியின் கடைசித் தாய்மொழியாளராகக் கருதுகிறார்கள்.

ஊர்களின் வடிவம் இவ்வளவு நாள் மாறாமல் இருந்ததற்கு அரசியலும் ஒரு காரணம். ஜெர்மனி பிரிந்திருந்தபோது இந்தப் பகுதி மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனியால் சூழப்பட்ட முனையாக இருந்தது. பெரிய ஆலைகளோ நெடுஞ்சாலைகளோ வரவில்லை. 1977இல் அணுக்கழிவு மையத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோர்லேபனும் இங்கேதான் இருக்கிறது. உழவர்கள் டிராக்டர்களோடு தெருவில் இறங்கிப் பல்லாண்டு போராடினார்கள். நிலத்தடிக் கிடங்குக்கான இடத் தேர்விலிருந்து 2020இல் கோர்லேபன் நீக்கப்பட்டது.

இனி, தமிழில் என்ன சொல்வது? வட்டக் கிராமம் என்பது உடனே நாவில் வரும். அதில் ஒரு சிக்கல் உண்டு: நம் நிர்வாக வழக்கில் வட்டம் என்றால் தாலுகா. வெண்ட்லாந்தின் வட்டக் கிராமங்கள் என்று எழுதினால் ஏதோ தாலுகாவைச் சேர்ந்த ஊர்கள் என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் நான் வளையூர் என்ற சொல்லை முன்வைக்கிறேன். வளை என்பதில் வளைதலும் வளையமும் சேர்ந்தே இருக்கின்றன; முழுதாக மூடாத லாட வடிவத்துக்கும் அது பொருந்தும். நடுத்திடலுக்கு மன்று என்ற பழஞ்சொல்லே நம்மிடம் இருக்கிறது. சங்கப் பாடல்களில் ஊரார் கூடுவதும் மாடுகள் திரும்பி வந்து நிற்பதும் மன்றில்தான். பொதுவாசகர்களுக்கு எழுதும்போது ஊர்த்திடல் என்றே சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் திடல் இருக்கும் ஜெர்மன் ஊர்களெல்லாம் வளையூர் ஆகிவிடாது. ஆங்கர்டோர்ஃப் என்ற வகையிலும் நடுவில் பசுந்திடல் உண்டு, ஆனால் சாலை ஒரு பக்கம் நுழைந்து திடலைச் சுற்றி மறுபக்கம் வெளியேறும். அதைத் திடலூர் எனலாம். சாலையின் இருபுறமும் வீடுகள் நீளும் ஷ்ட்ராசன்டோர்ஃப் தெருவூர். ஒரே வழி, அதுவும் உள்ளேயே முடிவது: வளையூர் என்று எழுதும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.