ஆண்நோக்கு: சொல் விளக்கம்

திரையில் ஒரு பெண் வரும்போது, அவளைப் பார்க்கிற இடத்தில் ஓர் ஆணை உட்காரவைத்தே காட்சியை அமைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘மேல் கேஸ்’ (male gaze) என்று பெயர். கொட்டகையில் இருப்பவர் பெண்ணே ஆனாலும் படம் அவருக்கும் அந்த ஆணின் இருக்கையைத்தான் போட்டுவைத்திருக்கும்.

பார்க்கப்படுவதைப் பற்றி பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-லேயே எழுதிவிட்டார். பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் 1964 கருத்தரங்கில் விரிவாகப் பேசினார். ஆனால் இதைத் திரைப்படக் கோட்பாடாக நிலைநிறுத்தியது பிரிட்டனின் லாரா மல்வி 1975-ல் ‘ஸ்கிரீன்’ இதழில் வெளியிட்ட கட்டுரைதான். சினிமாவில் மூன்று பார்வைகள் என்பது அவர் கணக்கு. படம்பிடிக்கும் காமிராவின் பார்வை, கொட்டகையில் இருப்பவர் பார்வை, பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. முதல் இரண்டையும் மூன்றாவதற்குள் ஒளித்துவைப்பதுதான் வணிகப்படத்தின் வித்தை.

தமிழில் ‘ஆண் பார்வை’, ‘ஆண் கண்ணோட்டம்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். முன்னது பிழையில்லை, கொஞ்சம் தளர்வு. ‘என் பார்வையில்’ என்றால் என் கருத்து என்றுதானே பொருள்? பின்னதைத் தவிர்ப்பதே நல்லது. குறளின் 58-ஆம் அதிகாரத்தில் கண்ணோட்டம் என்பது இரக்கம், தாட்சண்யம். இன்றைய வழக்கில் அபிப்பிராயம். இரண்டிலும் கண்ணுக்கு வேலை இல்லை. ‘வெறிப்பு’, ‘முறைப்பு’ இரண்டும் பார்ப்பவனின் முகத்தைச் சொல்லும், காட்சியின் அமைப்பைச் சொல்லாது. பேச்சில் கிட்டத்தில் வருவது ‘வைத்த கண் வாங்காமல்’, கலைச்சொல்லாக வளையாது.

‘நோக்கு’ பொருந்துகிறது. கண்ணால் காண்பதும் அதில் உண்டு, நோக்கமும் உண்டு. படிப்பவரை நின்று கவனிக்கவைக்கும் செய்யுள் உறுப்பையும் தொல்காப்பியம் இதே பெயரால்தான் சொல்கிறது. ஒரே ஒரு நெருடல்: நம் இலக்கியத்தில் நோக்கு இருவழிப் பாதை. ‘யான்நோக்கும் காலை நிலன்நோக்கும்’ (குறள் 1094) என்று காதலன் சொல்கிற அதே பெண்தான், அவன் பாராதபோது அவனைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். மல்வி சொல்வதோ ஒருவழி. அதனால் ‘ஆண்’ என்ற அடையை விட்டுவிட்டு வெறும் ‘நோக்கு’ என்று எழுதக்கூடாது.

இனி, சொல்லைக் காட்சியில் பொருத்துவது எப்படி? தனுஷ்கோடி மணலில் எடுத்த ஒரு பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். மெட்டு ஓடினால் வெட்டுகள் கண்ணில் படாது. அடுத்த முறை ஷாட்டுக்கு ஷாட் நிறுத்தி எழுதுங்கள்: எத்தனை விநாடி, உடலின் எந்தப் பகுதி, அடுத்து யார் முகம், அந்த ஷாட்டைத் தூக்கிவிட்டால் கதையில் என்ன குறையும். அலை நனைத்த பாதம், இடுப்பு, காற்றில் பறக்கும் தாவணி, பிறகு இடிந்த தேவாலயச் சுவரில் சாய்ந்து நிற்கும் நாயகன் என்று போகும் வழக்கமான வரிசை. அந்த நான்காவது ஷாட்டில்தான் விஷயம் இருக்கிறது. அது வந்ததும் முந்தைய மூன்றும் அவன் கண்ணால் கண்டவை ஆகிவிடுகின்றன. நூறடி தள்ளி நிற்பவனுக்குக் கொலுசின் மணி அத்தனை கிட்டத்தில் தெரியுமா? தெரிந்தது காமிராவுக்கு, அதன் வழியே நமக்கு.

பலரும் சறுக்குவது எண்ணிக்கையில். உடல் துண்டுதுண்டாக வந்தாலே ஆண்நோக்கு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நாயகன் அறிமுகமும் செருப்பு, கை, முதுகு, கடைசியில் முகம் என்று துண்டாகத்தானே வருகிறது? அந்தத் துண்டுகள் அவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று கதையை முன்னே தள்ளும். பெண்ணின் துண்டுகள் வரும்போது கதை நின்றுவிடும். மல்வி சுட்டியது இந்த நிறுத்தத்தை. ஷாட்டைத் தூக்கிவிட்டால் கதையில் என்ன குறையும் என்று எழுதச் சொன்னது அதற்குத்தான். படம்பிடித்தவர் ஆணா பெண்ணா என்று விசாரிப்பதும் வீண். பேச்சு இருக்கையைப் பற்றியது, ஆளைப் பற்றியதல்ல.

சீரியலுக்கு இதை அப்படியே தூக்கிப்போடக்கூடாது. மல்வியின் கணக்கு இருட்டுக் கொட்டகைக்கானது. தொலைக்காட்சியை உற்றுநோக்குவதில்லை, அவ்வப்போது கண்ணை ஓட்டுகிறோம் என்றார் ஊடக ஆய்வாளர் ஜான் எல்லிஸ் (1982). கீழக்கரையில் இரவுச் சமையலுக்கு மீன் அரிந்துகொண்டே சீரியல் ‘பார்ப்பவர்’ பாதிக்கு மேல் கேட்கத்தான் செய்கிறார். ஆகவே அங்கே வசனத்தையும் பின்னணி இசையையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாம்பன் பக்கம் கையில் துணி சுற்றிக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய செய்தித் தொகுப்புகள் இன்னொரு வகை. நனைந்த சேலையில் காமிரா தேவைக்கு மேல் தங்கினால் அது ஆண்நோக்கு, ஐயமில்லை. ஆனால் அதிகாரி பேசும்போது பெயரும் பதவியும் திரையின் கீழே வந்து, பாசி எடுப்பவர் பேசும்போது ‘மீனவப் பெண்’ என்று மட்டும் வந்தால், அதை ஆண்நோக்கில் சேர்க்க முடியாது. அது தொழிலையும் வர்க்கத்தையும் பார்த்து வருவது. மல்வியின் கோட்பாடு இனத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியலாளர் பெல் ஹூக்ஸ் 1992-ல் எழுப்பிய கேள்வியின் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் பேச வேண்டும்.