ஆள் கணக்கைச் சொல்லிவிட்டு அறை கேளுங்கள்

போன வாரம் ஒரு நாள், அதிகாலை நாலேகால் மணி. எங்கள் லாட்ஜ் வாசல் படியில் ஒரு பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்கம் வராமல் டீ குடிக்க இறங்கியவர். திரும்பி வந்தபோது இரவுக் காவலர் எந்த அறை என்று கேட்டிருக்கிறார். எண் நினைவில்லை. பெயரைச் சொன்னார். ரிஜிஸ்டரில் அந்தப் பெயர் இல்லை. போன் மாடியில் சார்ஜில் கிடந்தது. காவலர் உள்ளே விடவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பதிவில் இல்லாத ஆளை அந்த நேரத்தில் மாடிக்கு அனுப்பியிருந்தால்தான் கண்டித்திருப்பேன்.

நான் விசாரித்தபோது பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். “யாராவது கேட்டால் மாடியில் ஒருவரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள் மாமா என்றான் தங்கை மகன். எனக்குப் பொய் வரவில்லை ஐயா” என்றார். வயது 67. ஒரு மணி நேரமாக வெளியே கொசுக்கடியில் இருந்திருக்கிறார். மருமகன் மேலே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். முதல் நாள் இரவு இரண்டு பேர் கவுன்டருக்கு வந்து டபுள் ரூம் ஒன்று எடுத்தார்கள். மீதி ஐந்து பேர் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாடிப்படி ஏறியிருக்கிறார்கள். மதுரை டவுனுக்குள், மீனாட்சியம்மன் கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே, இருபத்திரண்டு ஆண்டுகளாக லாட்ஜ் கவுன்டரில் உட்காருகிறேன். டபுள் ரூமுக்கு ஏழு பரோட்டா பார்சல் போனால் எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அன்று கவுன்டரில் இருந்த பையன் புதியவன்.

“அறைக்குத்தானே வாடகை? உள்ளே எத்தனை பேர் படுத்தால் உங்களுக்கென்ன?” இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஒரே ஒரு தடவை விரிவாகப் பதில் சொல்லிவிடுகிறேன். வாடகை நான்கு சுவருக்கு அல்ல. அந்தச் சுவருக்குள் இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டில், தண்ணீர், துணி, ஏ.சி. எல்லாம் வைத்திருக்கிறோம். எங்கள் குளியலறை கெய்சர் 15 லிட்டர். ஒரு தடவை சூடேறினால் இரண்டு பேர் குளிக்கலாம். மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். ஏழாவது ஆள் ரூம் பாயைத் திட்டுவார். ஏ.சி.யும் அப்படித்தான். தூங்குகிற ஒரு மனித உடம்பு, பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குக் கிட்டத்தட்டச் சமமான சூட்டை வெளியே விடுகிறது. இரண்டு பேருக்கு என்று மாட்டிய ஏ.சி.யின் கீழே ஏழு பல்பை எரியவிட்டு, நள்ளிரவில் “ஏ.சி. வேலை செய்யவில்லை” என்று கீழே போன் போடுகிறீர்கள். வேலை செய்கிறது ஐயா. உங்களுக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

அறை பதிவு செய்யும் செயலிகளிலும் இதே குழப்பம்தான். தேடும் பெட்டியில் பெரும்பாலும் 2 பெரியவர்கள் என்று முன்கூட்டியே போட்டிருக்கும். அதை மாற்றாமல் விலையைப் பார்த்து, பணத்தையும் கட்டிவிட்டு, ஆறு பேராக வந்து இறங்குகிறீர்கள். திரையில் பார்த்த விலை இரண்டு பேருக்கு. அதைச் சொன்னால் நாங்கள் ஏமாற்றுக்காரர்கள். “ஃபேமிலி ரூம்” என்ற பெயரையும் நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் அதற்கு இரண்டு பெரியவர், இரண்டு சிறு பிள்ளைகள் என்றே பொருள். உங்கள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டால் அவர் எங்கள் கணக்கில் பெரியவர்தான்.

பணக் கணக்குக்கு வருகிறேன். எங்களிடம் டபுள் ரூம் 1,500, மூன்று பேர் அறை 2,000. ஆறு பேர் நேர்மையாக இரண்டு அறை எடுத்தால் தலைக்கு 670 ரூபாய் கூட ஆகாது. ஒரே டபுளில் ஒளிந்து படுத்தால் 250. இப்படித் தலைக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக அறுபத்தேழு வயது மனிதரைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ட்ரா பெட் கேட்டால் கொடுப்போம். ஆனால் ஒரு அறைக்கு ஒன்றுதான். அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய விகிதத்தில் பில் போட்டால் கேளுங்கள்.

சரி, ஐந்தாறு பெரியவர்கள் சேர்ந்து வருகிறீர்கள், எப்படி அறை பிடிப்பது? எல்லோரும் எத்தனை கட்டில் என்று கேட்கிறார்கள். எத்தனை குளியலறை என்று கேளுங்கள். ஆறு பேர், ஒரு குளியலறை, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம். காலை தரிசனத்துக்கு நாலரைக்கே முதல் ஆள் எழுந்தாக வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு பெரிய ஆறு பேர் அறையைவிட, ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பேர் தங்கும் அறை இரண்டு எடுப்பது மேல். குறட்டைக்காரர்களை ஒரு அறையில் தள்ளிவிடலாம் என்பது கூடுதல் லாபம்.

லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் பலவற்றில் இல்லை. முழங்கால் வலிக்காரரை மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டு எங்கள் மேல் கோபப்படாதீர்கள். வேனில் வருகிறவர்கள் அதை எங்கே நிறுத்துவது என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் தெருவில் வேன் திரும்பவே இடம் கிடையாது.

செக்கவுட் நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரிய ஹோட்டல்களில் பகல் 12 மணி என்றால் யார் எப்போது வந்தாலும் 12தான். எங்களைப் போன்ற லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இறங்கி விடிகாலை ஐந்தரைக்குச் சாவி வாங்கினால், மறுநாள் விடிகாலை ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். ஆறு பேரும் குளித்துக் கிளம்ப எட்டு மணி ஆகும், அதற்குள் அடுத்த நாள் வாடகை ஏறிவிடும். பிறகு கவுன்டரில் சண்டை. நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்தால் இன்னொன்று. “நல்ல லாட்ஜ் தெரியும்” என்று ஆட்டோக்காரர் கூட்டி வரும் இடத்தில் அவருக்குக் கமிஷன் இருக்கும். அது உங்கள் வாடகையில்தான் ஏறும். என் தொழில் ரகசியம் இது. முதலாளி படித்தால் படிக்கட்டும்.

தங்கும் பெரியவர் ஒவ்வொருவரின் பெயரும் ரிஜிஸ்டரில் வர வேண்டும், ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வேண்டும். ஆதார் நகல் தரத் தயக்கமாக இருந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தாருங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் யாராவது கூட வந்தால் ஒளிக்கவே ஒளிக்காதீர்கள். அவர் தங்கிய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் நாங்கள் அரசுக்கு இணையத்தில் தெரிவித்தாக வேண்டும். மலேசியாவிலிருந்து வந்த சித்தப்பாவை “சும்மா நம்ம வீட்டு ஆள்தான்” என்று மாடிக்கு அனுப்பினால், போலீஸ் கேட்பது என்னை.

பெயர் எழுதச் சொல்வது பணத்துக்காக மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 29 இரவு, கொல்கத்தாவில் புர்ராபஜார் பக்கம் ஒரு ஹோட்டலில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து போயிருந்த குடும்பத்தின் குழந்தைகளும் அதில் உண்டு. அப்படி ஒரு இரவில் மேலே எத்தனை பேர் என்று தீயணைப்பு வீரர் கேட்டால், நான் ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் சொல்வேன். அந்தப் பெரியவர் தங்கிய அறைக்கு “இரண்டு” என்றிருப்பேன். இரண்டு பேரை இறக்கிவிட்டு அவர்கள் அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள். கொஞ்சம் யோசியுங்கள், தயவுசெய்து.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஒரு மாதம் முன்பே, பெயர், வயது, ஆள் எண்ணிக்கை எல்லாம் சொல்லிப் போன் செய்யுங்கள். டவுனுக்குள் கிடைக்காவிட்டால் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் பக்கம் தங்கிக்கொண்டு பஸ்ஸில் வாருங்கள், குறைந்துவிடாது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின இரவு எட்டுப் பேராக வந்து நின்று, “ஏதாவது ஒரு மூலை போதும் அண்ணே” என்று கேட்காதீர்கள். அன்றைக்கு மூலைகூட முன்பதிவில் போயிருக்கும்.