எந்த மாதத்தில் பச்சை?

பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் கிரானைட் குவாரியை மூடிப் போன வருடம் மரக்கன்று நட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் இப்போது பச்சையாகத் தெரிகிறதாம். நிலம் தேறிவிட்டது என்கிறார்கள். நம்பலாமா?"

பச்சையை நம்பலாம். தேறியதா என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் படமெடுக்கும் கண்களுக்குக் குறைவில்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972-லிருந்து பூமியைப் பார்த்து வருகிறது. 2008 முதல் அதன் சேகரிப்பு முழுவதும் இலவசம். நம் ரிசோர்ஸ்சாட்-2 இருக்கிறது. 2015-இல் ஏவத் தொடங்கிய ஐரோப்பாவின் சென்டினல்-2 இணை, ஐந்து நாளுக்கொரு முறை காலை பத்தரை மணி வாக்கில் தலைக்கு மேல் போகிறது. அதன் படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலம். புதிதாக வெட்டிய பாறை அதில் பளிச்சென்று வெளுத்திருக்கும், தண்ணீர் நின்ற குழி கறுத்திருக்கும். குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டருக்குள் நிகழும் மாற்றங்களைக் கணினியே கண்டுபிடித்துச் சொல்லும் கண்காணிப்பு முறையை ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2016-இல் தொடங்கியது. வெட்டுவது சுலபமாக மாட்டிக்கொள்ளும். வளர்வதைப் பார்ப்பதில்தான் சுவாரசியம்.

இலை ஏன் பச்சை என்பது பள்ளிப் பாடம். பச்சையம் சிவப்பு, நீல ஒளிகளை விழுங்கி, பச்சையைக் கொஞ்சம் விட்டுவிடுகிறது. நம் கண்ணுக்கு எட்டாத இன்னொரு ஒளியை இலை அள்ளி வீசுகிறது: சிவப்புக்கு அடுத்துள்ள அகச்சிவப்பு. இலைக்குள் பஞ்சு போன்ற திசு இருக்கிறது. ஈரமான செல்களும் அவற்றுக்கிடையே காற்று அறைகளும். சோப்பு நுரையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் நிறமற்றது, காற்றும் நிறமற்றது. இரண்டும் நூறு அடுக்காகக் கலந்ததும் ஒளி முட்டி மோதித் திரும்பி, நுரை வெள்ளையாகிவிடுகிறது. இலையின் உட்புறமும் அப்படி ஒரு நுரை. அகச்சிவப்பை விழுங்கப் பச்சையத்துக்குத் தெரியாது. ஒளிச்சேர்க்கைக்கு அதன் ஆற்றல் போதாது, விழுங்கினால் இலை வீணாகச் சூடாகும். எனவே வந்ததில் பாதிக்குப் பக்கம் வெளியே போய்விடுகிறது. அகச்சிவப்பைப் பார்க்கும் கண் நமக்கு இருந்தால் அஞ்செட்டிக் காடு நமக்குப் பனி போர்த்தியதுபோலத் தெரியும்!

செயற்கைக்கோளுக்கு அந்தக் கண் இருக்கிறது. நல்ல இலை சிவப்பில் 5 சதவீதம், அகச்சிவப்பில் 45 சதவீதம் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 40, கூட்டுத்தொகை 50, வகுத்தால் 0.8. வெறும் பாறை 25-ம் 30-ம் அனுப்பினால் விடை 0.1-ஐக்கூடத் தொடாது. என்.டி.வி.ஐ. என்னும் தாவரக் குறியீடு இவ்வளவுதான். எதற்காக வகுக்க வேண்டும்? மலை நிழல் விழுந்து இரண்டு அளவும் பாதியாகக் குறைந்தாலும் விடை அதே 0.8. நான்கு வரிக் கணக்கு நிழலைத் துடைத்தெடுத்துவிடுகிறது. இதை முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

இனி வாசகரின் குவாரிக்கு வருவோம். ஒரு வயது மரக்கன்றின் நிழலில் ஒரு கோழி நிற்கலாம். இரண்டரை சென்ட்டில் அப்படி ஐந்தாறு கன்றுகள் நின்றால் புள்ளியின் பெரும்பகுதி கல்லும் மண்ணும்தான். அதற்குள் குறியீடு 0.6 காட்டுகிறது என்றால் வளர்ந்திருப்பது நட்டது அல்ல, தானாக வந்த ஏதோ ஒன்று. எது என்று கேட்க வருடம் முழுவதும் உள்ள படங்களை வரிசையாக வையுங்கள். இந்தப் பக்கத்து வறண்ட காட்டின் வெக்காலியும் இலவும் மாசி, பங்குனியில் இலை உதிர்த்து நிற்கும். குறியீடு தரையைத் தொட்டு, மழைக்குப் பிறகு ஏறும். புல்லும் அப்படித்தான். சீமைக்கருவேலம் கோடையிலும் பச்சை. கோடு சித்திரையிலும் இறங்காவிட்டால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் மாமரமும் இலை உதிர்ப்பதில்லை. மாங்காய்க்குப் பேர்போன மாவட்டத்தில் இது சின்னச் சிக்கல் அல்ல. நானே ஒருமுறை ஏமாந்தேன். குழியின் நடுவே அழகான பச்சை; போய்ப் பார்த்தால் தேங்கிய தண்ணீர் மேல் பாசி படர்ந்திருந்தது. மிதப்பதிலும் பச்சையம்தானே, குறியீடு என்ன செய்யும்?

தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கிண்டல் செய்யும் படித்தவர்கள், "மேலேயிருந்து எல்லாம் தெரியும்" என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் நம்புகிறார்கள். படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உள்ளூர்க் கல்லூரி மாணவர் இருவர் மாதம் ஒருமுறை குவாரிக்குப் போய்ச் செடி எண்ணிவர பஸ் கட்டணம் கொடுக்க ஆளில்லை. என் வயிற்றெரிச்சல் இது.

சுரங்கம் தோண்டிய நிலத்தில் கால்நடைக்குத் தீவனமாகப் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் ஏமாந்த அன்று அந்தப் பாசிக்குழி ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், கழிவுக்கல் மேடு முழுக்கப் பச்சையாக இருக்கிறதே என்றேன். "காயைத் தின்னும் சார், தழையைத் தொடாது" என்றார். தின்ற காயின் விதைகள் புழுக்கையோடு மேட்டின் மறுபக்கத்திலும் முளைத்திருந்தன.