புல்பப்: காளையும் இல்லை, கார்பைனும் இல்லை

காங்கேயம் பக்கத்தில் ஆங்கில ‘புல்’ (bull) என்றதும் காளைதான் கண்முன் நிற்கும். ‘புல்பப்’ துப்பாக்கியில் இருப்பது அந்த ‘புல்’ அல்ல. ஆங்கிலத்தில் ‘புல்பப்’ என்பது புல்டாக் நாயின் குட்டி. குட்டையான உடம்பு, முரட்டு முகம். அந்தத் தோற்றத்தால் வந்த பெயர் என்பார்கள்.

பொருள்: தோட்டா வெடிக்கும் அறையும் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) சுடும் விசைக்குப் பின்னால், தோளில் பதியும் கட்டைக்குள்ளேயே அமைந்த துப்பாக்கி. வழக்கமான அமைப்பில் இவை விசைக்கு முன்னால் இருக்கும். கட்டை வெறும் தாங்கல். பிரிட்டனில் 1901-லேயே தார்னிகிராஃப்ட் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியில் இதைச் செய்து பார்த்தார்கள். படைகளில் நிலைத்தது 1970களின் கடைசியில், ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக், பிரான்சின் ஃபாமாஸ் வந்த பிறகு.

லாபம் என்ன? வழக்கமான அமைப்புள்ள நம் ராணுவத் துப்பாக்கி இன்சாஸின் குழல் 464 மி.மீ., முழு நீளம் 960. நம் சிறப்புப் படையினர் ஏந்தும் இஸ்ரேலியப் புல்பப்பான டவோரின் குழல் 460, முழு நீளம் 720. குழல் கிட்டத்தட்ட அதேதான், மொத்தத்தில் ஒரு சாண் மிச்சம். வண்டியில் ஏறி இறங்கவும் குறுகிய வாசலில் திரும்பவும் அந்த ஒரு சாண் பெரிய சங்கதி.

விலையும் உண்டு. விசை முன்னே, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் பின்னே; இரண்டையும் இணைப்பது ஒரு நீளக் கம்பி. அதன் உராய்வும் வளைவும் சேர்ந்து விசை கொழகொழவென்று இருக்கும். எந்தக் கணத்தில் விடுபடும் என்று விரலுக்குப் பிடிபடாது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு கன்னத்தருகே தெறிப்பதால் பிரிட்டனின் புல்பப்பான எஸ்ஏ80-ஐ இடது தோளில் வைத்துச் சுட முடியாது. ஆக்கில் போல்ட்டை (அறையை அடைக்கும் பாகம்) மாற்றிப் பொருத்தினால் இடக்கைக்கு ஆகும். பெல்ஜியத்தின் எஃப்2000 கூட்டை முன்பக்கமாகத் தள்ளிவிடும். மேகசின் மாற்றக் கை அக்குளுக்கடியில் துழாவ வேண்டும். கட்டைக்குள் இயந்திரம் இருப்பதால் அதை மடக்கவும் வழியில்லை. எடையோ பின்பாரம் ஏறிய மாட்டுவண்டி மாதிரி: ஒரு கையால் தாங்குவது எளிது, தொடர்ந்து சுட்டால் நுகத்தடி தூக்குவதுபோல் முனை எழும்பப் பார்க்கும். பிரான்ஸ் 2017-இல் ஃபாமாஸை விட்டு வழக்கமான அமைப்புள்ள ஜெர்மன் எச்கே416-க்கு மாறத் தொடங்கியது.

தமிழில்? ‘குறுந்துப்பாக்கி’ பொருந்தாது, அது குழலைக் குறைத்த கார்பைனுக்குத்தான் சரி. ‘பின்னறைத் துப்பாக்கி’ என்றால் பின்புறம் தோட்டா நிரப்பும் பழைய வகையோடு குழம்பும். ‘கட்டையறைத் துப்பாக்கி’ என்பதே என் தேர்வு. அறை கட்டைக்குள் இருக்கிறது. குள்ளமானவரை இங்கே ‘ஆள் கட்டை’ என்றுதானே சொல்கிறோம்.