கிட்னி நோயாளிக்கு உப்பு மட்டும் பார்த்தால் போதாது

"உப்பு எம்புட்டு இருக்கு டாக்டரம்மா?"

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து வரும் கிட்னி நோயாளிகள் ரிப்போர்ட்டை நீட்டியதும் கேட்பது இதைத்தான். உப்பு என்று அவர்கள் சொல்வது கிரியாட்டினினை, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவை. அது கூடினால் கவலை, குறைந்தால் நிம்மதி. அதே தாளில் கீழே இருக்கும் கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச்., தைராய்டுக்கான டி.எஸ்.எச். பக்கம் பார்வை போவதே இல்லை. ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் மட்டும் வீடே பதறும். பி.டி.எச். 400 என்று வந்ததும் "தைராய்டும் வந்துருச்சு" என்று முடிவுகட்டி, கழுத்து ஸ்கேனையும் எடுத்துக்கொண்டே வந்துவிடுகிறார்கள்.

பி.டி.எச். என்பது பாராதைராய்டு ஹார்மோன். பாராதைராய்டு சுரப்பிகள் தைராய்டின் பின்பக்கம் ஒட்டியிருப்பவை. பெரும்பாலானவர்களுக்கு நான்கு இருக்கும், ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தாலும் இரண்டும் பார்க்கும் வேலை வேறு. தைராய்டு உடம்பு எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதைக் கவனிக்கிறது. பாராதைராய்டு ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. (மனிதனிடம் இந்தச் சுரப்பியை விவரித்தவர் ஸ்வீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ராம், 1880-ல். அதற்கு 30 ஆண்டுகள் முன்பே லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் அதில் இதைக் கண்டிருந்தார்.)

சரி, கிட்னி கெட்டால் கழுத்தில் இருக்கும் சுரப்பி ஏன் துள்ள வேண்டும்? சாப்பாட்டிலிருந்து வரும் பாஸ்பரஸில் மிஞ்சியதை வெளியேற்றுவது கிட்னி. வைட்டமின் டியை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதும் பெரும்பாலும் அதுதான். மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தோலில் உருவாகும் வைட்டமின் டிக்குக் கடைசிக் கட்ட மாற்றம் கிட்னியில்தான் நடக்கிறது. கிட்னி தளரும்போது பாஸ்பரஸ் தேங்குகிறது, வேலை செய்யும் வைட்டமின் டி குறைகிறது, குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை. ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கிறது என்று பாராதைராய்டுக்குத் தெரிந்ததும் அது ஹார்மோனை அதிகமாகச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்கிறது. அன்றாடச் செலவுக்கு நகையை ஒவ்வொன்றாக அடகு வைப்பது மாதிரிதான். ரத்தத்தில் கணக்கு சரியாகவே தெரியும், எலும்பு காலியாகிக்கொண்டிருக்கும்.

இது டயாலிசிஸ் தொடங்கிய பிறகு வரும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கிட்னி நோயின் மூன்றாம் கட்டத்திலேயே பி.டி.எச். ஏறத் தொடங்கிவிடும். அப்போது நோயாளிக்கு ஒரு தொந்தரவும் தெரியாது, அதனால்தான் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறோம். பல வருஷம் கழித்து எலும்பு வலி, தொடையில் வலுவில்லாமல் தரையிலிருந்து எழ முடியாமை, ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு, லேசாகத் தடுக்கி விழுந்தாலே முறிவு என்று வரும். ரத்தக் குழாய்ச் சுவர்களில் கால்சியம் படிவதுதான் எனக்கு இவற்றைவிடப் பெரிய பயம், ஏனென்றால் அது இதயத்தைத் தொடுகிறது.

எலும்பு வலிக்கிறதே என்று ஆட்டுக்கால் சூப்பும் நல்லி எலும்புமாக வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வலி சூப்பில் தீராது. குறைக்க வேண்டியது பாஸ்பரஸை. ஈரல், பால், கொட்டை வகைகள் எல்லாமே பாஸ்பரஸ் நிறைந்தவை. நம் ஊர் ஜிகர்தண்டாவும் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்வதுதான். அதைவிட மோசம் கறுப்பு நிறக் குளிர்பானங்களும் பாக்கெட்டில் வரும் பதப்படுத்திய இறைச்சியும். பருப்பு, பயறில் உள்ள பாஸ்பரஸ் முழுதாக உடம்பில் சேராது. பதப்படுத்தச் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு கிட்டத்தட்ட மொத்தமும் சேர்ந்துவிடும். எனவே, பருப்பை அடியோடு நிறுத்திவிட்டுப் பாட்டில் பானம் குடிப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

டயாலிசிஸ் நோயாளிக்குப் பி.டி.எச். ஆரோக்கியமானவர் அளவில் இருக்க வேண்டியதில்லை. லேப் தாளில் மேல் எல்லை 65 என்று இருந்தால், அதில் இரண்டு முதல் ஒன்பது மடங்குவரை, அதாவது ஏறக்குறைய 130 முதல் 585 வரை ஏற்றுக்கொள்கிறோம். மருந்து கொடுத்து ஒரேயடியாக அமுக்கினால் எலும்பு புதுப்பித்துக்கொள்வதையே நிறுத்திவிடும், அதுவும் கெடுதல். ஒரு தடவை வந்த எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். தொடர்ந்து ஏறினால் கால்சிட்ரியால், சினகால்செட் போன்ற மருந்துகள் உண்டு. அவற்றுக்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை.

இனித் தைராய்டு. டி3, டி4 இரண்டும் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள். அதைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது டி.எஸ்.எச்.; தைராய்டு குறைந்தால் அது ஏறும். கிட்னி நோயாளிகள் பலருக்கு டி3 குறைவாகக் காட்டும். டி4, டி3-ஆக மாறுவது இந்த நோயில் குறைந்துபோவதால் வருவது அது. டி.எஸ்.எச். சரியாக இருந்தால் அதற்காகத் தைராய்டு மாத்திரை தொடங்குவதில்லை. டி.எஸ்.எச். 10-க்குள் சற்றே கூடியிருந்தாலும் பெரும்பாலும் சில வாரம் விட்டு மறுபடி பார்ப்போம். ஆனால் உண்மையிலேயே தைராய்டு குறைந்துபோனவர்களும் இவர்களில் சாதாரண மக்களைவிட அதிகம். முகவீக்கம், அசதி, வறண்ட தோல், மலச்சிக்கல் எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. "கிட்னிதான் காரணம்" என்று விட்டுவிட்டால் தைராய்டு மறைந்தே இருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு: தைராய்டு மிகவும் குறைந்தாலே கிரியாட்டினின் ஏறும், சிகிச்சை கொடுத்தால் இறங்கும். புதிதாக உப்பு ஏறியவருக்கு டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது அதனால்தான்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது மாத்திரை நேரத்தைப் பற்றி. தைராய்டு மாத்திரை 50-லிருந்து 75, அப்புறம் 100, 125 என்று கூட்டியும் டி.எஸ்.எச். இறங்காத ஓர் அம்மாவிடம் எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். "மொத பஸ்ஸப் பிடிக்கணும்ல? மறந்துருவேன்னு எல்லாத்தையும் ஒரே வாயில போட்டுக் காப்பியக் குடிச்சிட்டு வந்துருவேன்" என்றார். டோஸில் ஒரு குறையும் இல்லை. பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுக்கும் கால்சியம் மாத்திரை, செவலமர், அதோடு இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காபியும் அதை உறிஞ்ச விடாது. சாப்பாடு இல்லாமல் போட்டதால் பாஸ்பரஸ் மாத்திரையும் வீண், அது சோற்றோடு கலந்தால்தான் வேலை செய்யும்.

அவருக்கு மாற்றிக் கொடுத்தது இவ்வளவுதான். நாலரைக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். காபி ஒரு மணி நேரம் கழித்து. பாஸ்பரஸ் மாத்திரை எட்டரை மணி டிபனோடும் அடுத்த வேளைச் சாப்பாடுகளோடும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். இப்படி மாற்றும்போது பழைய டோஸே அதிகமாகிவிடலாம் என்பதால் ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

தைராய்டுக்கான ரத்தத்தை டயாலிசிஸ் மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். அப்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின் டி4 அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டலாம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிட்னி பழுதானவர்கள் உடம்பில் அது தேங்கி, சில லேப் முறைகளில் டி.எஸ்.எச்., பி.டி.எச். இரண்டையும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ரத்தம் கொடுங்கள்.