மெத்தேயோரா: விண்கல்லா, அந்தரமா?

கிரேக்க நாட்டின் நடுப்பகுதியில், தெசாலிச் சமவெளி முடிந்து பிந்தோஸ் மலைகள் தொடங்கும் இடத்தில் கலம்பாக்கா என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரின் முதுகை ஒட்டியே பிரம்மாண்டமான கல்தூண்கள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அந்தப் பாறைகளுக்கும், அவற்றின் உச்சியில் உள்ள கிறிஸ்தவத் துறவியர் மடங்களுக்கும் சேர்த்து வழங்கும் பெயர்தான் மெத்தேயோரா. ஆங்கில வழியில் மெட்டியோரா என்று எழுதுவதைவிட இப்படி எழுதுவது கிரேக்கர் வாயில் வரும் ஒலிக்கு நெருக்கம்.

பெயரைக் கேட்டதும் ‘மீட்டியர்’ நினைவுக்கு வரும். வானத்திலிருந்து விழுந்த கற்களோ என்று தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்: பாறை முழுக்க உருண்டை உருண்டையான கூழாங்கற்கள் பதிந்திருக்கும். பல லட்சம் ஆண்டுகள் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் கல்லும் நீருக்கடியில் இறுகி, பிறகு நிலம் உயர்ந்தபோது மேலே வந்து, விரிசல்களில் மழையும் காற்றும் அரித்ததால் தூண் தூணாகப் பிரிந்து நிற்பவை இவை. ஆக, இவை ஆற்றின் பிள்ளைகள்.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? ‘மெத்தேயோரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லில் இரண்டு பகுதிகள். ‘மெத்தா’ என்ற முன்னொட்டுக்கு ‘இடையே’ என்ற பொருளும் உண்டு. பின்பகுதி ‘தூக்குதல், உயர்த்துதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. மேலே தூக்கி நிறுத்தப்பட்டது, காற்றுவெளியில் நிற்பது என்று பொருள். அதன் பன்மைதான் மெத்தேயோரா. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் மழை, காற்று, இடி, வால்மீன் எல்லாவற்றையும் இந்த ஒரே சொல்லின் கீழ் வைத்துத் தனி நூலே எழுதினார். நாம் வானிலையியல் என்று சொல்லும் துறையின் ஐரோப்பியப் பெயர் அதிலிருந்து வந்தது. எரிமீனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் கிளைத்தது.

பாறைக்கு இந்தப் பெயரை வைத்தவர் அத்தனாசியோஸ் என்ற துறவி. 14ஆம் நூற்றாண்டில், வட கிரேக்கத்தில் துறவியர் மடங்கள் நிறைந்த ஆத்தோஸ் மலையிலிருந்து வந்து, இங்கிருந்த அகலமான பாறையின் உச்சியில் மடம் எழுப்பினார். அந்த ஒரு பாறைக்கு அவர் இட்ட பெயர் பின்னாளில் சுற்றியுள்ள எல்லாப் பாறைகளுக்கும் பரவிவிட்டது. ஒரு காலத்தில் 24 மடங்கள் இருந்தன. இன்று 6 மட்டும் இயங்குகின்றன, அவற்றில் 2 பெண் துறவியருடையவை. 1920களில் படிகள் வெட்டப்படும் வரை மேலே போக ஏணியும், கயிற்றில் கட்டி இழுக்கும் வலைப்பையும்தான். அந்த வலைக்குள் சுருண்டு கிடந்தபடி கீழே பார்த்தவருக்கு இந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் முதல் தேர்வு ‘அந்தரம்’. வடமொழியிலிருந்து வந்த சொல்தான், ஆனால் பொருத்தம் வியக்க வைக்கிறது. அதன் மூலப்பொருளும் ‘இடை’ என்பதே. “வேலையை அந்தரத்துல விட்டுட்டுப் போயிட்டான்” என்கிறோம். இன்றைய கிரேக்க மொழியிலும் முடிவு தெரியாமல் தொங்கி நிற்பவரை ‘மெத்தேயோரோஸ்’ என்றே சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தரப்படுதல் என்றால் தவிப்பு, பதற்றம். அதுவும் இதற்கு ரொம்பத் தொலைவில் இல்லை.

தனித்தமிழே வேண்டும் என்றால் சங்கப் பாட்டுக்குப் போகலாம். அங்கே ‘தூங்குதல்’ என்றால் தொங்குதல். தொங்கும் கூடு கட்டுவதால்தான் அது தூக்கணாங்குருவி. வானில் தொங்கிய கோட்டையை அழித்த சோழனின் புகழைப் பாடும் புறநானூறு, அந்தக் கோட்டையைத் ‘தூங்கெயில்’ என்கிறது. மெத்தேயோராவின் மடங்களுக்கு இதைவிட அழகான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று ‘தூங்குமடம்’ என்று எழுதினால் உறங்கும் மடம் என்றுதான் படிப்பார்கள். எனவே ‘அந்தர மடங்கள்’ என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். இடப்பெயரை மட்டும் மெத்தேயோரா என்றே விட்டுவிடலாம்.

அடிவாரத்து ஊருக்கும் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. பழங்காலத்தில் அது ஐகினியோன். கி.மு. 48இல், ரோமானியத் தலைவன் பொம்பேயோடு நடந்த பார்சாலோஸ் போருக்குச் சற்று முன்பு, ஜூலியஸ் சீசர் தன் தளபதி தொமிதியசின் படையோடு சேர்ந்துகொண்டது இங்கேதான். பைசாந்தியக் காலத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் காலத்தில், ஸ்தாகோய் என்ற பெயரில் கிறிஸ்தவ ஆயரின் (பிஷப்பின்) இருக்கையாக இருந்தது. கலம்பாக்கா என்பது துருக்கியர் ஆட்சியில் வழக்குக்கு வந்த பெயர். நம் கலம்பகத்தோடு அதை முடிச்சுப் போட வேண்டாம், ஒலி ஒத்துப்போவது தற்செயல். 1881இல் தெசாலி கிரேக்கத்தோடு சேர்ந்த பின்னும் ஊர்ப்பெயர் அப்படியே நிலைத்தது. ஆனால் இப்போது ஊரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் ஆளும் நகராட்சிக்கு வைத்திருக்கும் பெயர் மெத்தேயோரா. உச்சிப் பாறை ஒன்றுக்குத் துறவி வைத்த பெயர் அடிவாரம் வரை இறங்கி வந்துவிட்டது.