நேற்று வரை ஓடிய கணினி இன்று உறைகிறதா? தாய்ப்பலகையை மாற்றும் முன் படியுங்கள்

தை மாதத்தில் ஒருநாள், உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் தம் மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். சாதாரண தர மாணவர்களுக்கு இரவில் சூம் வழியாக விஞ்ஞானம் கற்பிப்பவர். மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் சேர்கிறார்கள். நான்கு நாட்களாக வகுப்பு இடையில் அறுந்துகொண்டிருந்தது. திரை அப்படியே நின்றுவிடும், சுட்டி அசையாது, மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான்.

நகரில் ஒரு கடையில் காட்டியபோது தாய்ப்பலகை பழுதாகிவிட்டது, 35,000 ரூபாய் ஆகும் என்றிருக்கிறார்கள். வேறொருவர் வட்டைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவலாம் என்றாராம். அந்த வட்டில் ஆறு வருட வினாத்தாள்களும் புள்ளிப் பதிவுகளும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கள், இது இனித் தேறுமா?" என்று கேட்டார்.

"ரீச்சர், முதல் தடவை நின்றுபோனதற்கு முதல்நாள் இதில் என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. இற்றைப்படுத்தவா என்று கேட்டது. சரி என்று கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்."

அந்தப் பதிலுக்காகத்தான் கேட்டேன். கணினி திருத்தும் எல்லோரும் கருவியைத் திறக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. பலர் கேட்பதில்லை. அதனால் மக்களின் பணம் போகிறது. சில வேளைகளில் பணத்தைவிடப் பெரியவையும் போகின்றன.

திருகோணமலையில் நாங்கள் முதலில் உப்பைச் சந்தேகிப்பது நியாயம்தான். மார்கழி, தை மாதங்களில் கடலிலிருந்து வீசும் காற்று வீட்டுக்குள் இருக்கும் செம்பையும் பச்சையாக்கிவிடும். கடற்கரையோர வீடுகளிலிருந்து வரும் கணினிகளில் அரித்துப்போன இணைப்புகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆகவே அடிமூடியைக் கழற்றினேன். இணைய வகுப்பின் நடுவில்தான் நிற்கிறது என்பதால் வைஃபை அட்டையைத் தேடினேன். அது இரண்டு விரல் நகங்களின் அளவுதான் இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய அலைவாங்கிக் கம்பிகள் அதில் கொளுவியிருந்தன. அட்டையை உருவி, பூதக்கண்ணாடியின் கீழ் அதன் பொன்னிற விளிம்பைப் பார்த்தேன். ஒரு புள்ளி பச்சை கூட இல்லை. உப்பின்மேல் பழி போட முடியாது.

மூடியைப் பூட்டி, கணினியை வைஃபையில் இணைத்துக் காணொளி ஒன்றை ஓடவிட்டேன். பதினோராவது நிமிடத்தில் படம் நின்றது. அந்த நேரத்தில் நான் செய்யும் முதற் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கேப்ஸ் லொக் விசையை அழுத்தி அதன் சிறு விளக்கைப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, திரையோ ஒரு செயலியோதான் சிக்கியிருக்கிறது. விளக்கு மாறவே இல்லை என்றால் பெரும்பாலும் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலே நின்றிருக்கும். யாரும் தொடாமலே விளக்கு கண்சிமிட்டினால், மீள முடியாத பிழை நேர்ந்ததாகக் கெர்னல் தானே அறிவிக்கிறது. ஆசிரியையின் கணினியில் விளக்கு மாறவில்லை.

வைஃபை அட்டையில் ஒரு சிக்கல் என்றால் முழுக் கணினியும் ஏன் நிற்க வேண்டும்? வன்பொருளை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலின் உள்ளேயே ஓடுகின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கியபோதே அதன் அமைப்பு அப்படித்தான் இருந்தது. ஒரு செயலி விழுந்தால் அதை மட்டும் மூடிவிடலாம். கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் ஒரு பூட்டை, அதாவது ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒன்றே தொடலாம் என்ற காவலை, பிடித்தபடி நின்றுவிட்டால், அதே பூட்டுக்காகக் காத்திருக்கும் மற்றவையும் நிற்கும். புதிய கெர்னல் ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. இயங்குதளத்தின் பதிப்பு மாறவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கெர்னல் மாறியிருக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 22.04 மேசைக்கணினிப் பதிப்பை 5.15 கெர்னலுடன் நிறுவியவர்கள், இற்றைப்படுத்தல்களை ஏற்றுவந்திருந்தால், 2024 இல் 6.8 வரை வந்திருப்பார்கள். பெயரில் இன்னும் 22.04 தான். கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தில் 'யுனேம் -ஆர்' (uname -r) என்று கொடுத்தால் இப்போது ஓடும் கெர்னலின் எண் தெரியும். அதைக் குறித்து வையுங்கள்.

இனி 35,000 ரூபாயைக் காப்பாற்றிய சோதனை. கெர்னலை இற்றைப்படுத்தும்போது உபுண்டுவும் அதையொத்த பல இயங்குதளங்களும் முந்தைய கெர்னலை உடனே அழிப்பதில்லை. கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால், பழைய பயோஸ் கணினிகளில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தால், தொடக்கப் பட்டியல் வரும். அதில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் போனால் முந்தைய கெர்னல் காத்திருக்கும். அதைத் தெரிவுசெய்து அதே காணொளியை, அதே ரவுட்டரில், இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. தாய்ப்பலகை பழுது என்றால் இந்தக் கெர்னலிலும் அது காட்டிக்கொடுத்திருக்கும். நினைவகம், வட்டு, ரவுட்டர் எல்லாவற்றின் மீதிருந்த சந்தேகமும் ஏறக்குறைய அத்துடன் தீர்ந்தது.

இன்னொரு சோதனையும் செய்தேன். புதிய கெர்னலுக்குத் திரும்பி, வைஃபை டிரைவரை ஏற விடாமல் தடுத்து, வலையமைப்புக் கம்பியில் இணைத்தேன். மாலை வரை சீராக ஓடியது. ஆக, புதிய கெர்னலும் அந்த வைஃபை டிரைவரும் சேரும்போதுதான் சிக்கல்.

பதிவேடுகளையும் பாருங்கள், ஆனால் முழுக்க நம்பியிருக்க வேண்டாம். 'ஜேர்னல்சிடிஎல்' (journalctl) கட்டளை முந்தைய ஓட்டத்தின் கெர்னல் செய்திகளைக் காட்டும். வைஃபை மட்டும் அறுந்து கணினி உயிரோடு இருந்தால் அதில் நல்ல தடயம் கிடைக்கும். முழுக் கணினியும் உறையும்போது கடைசி வரிகள் வட்டில் எழுதப்படுமுன்பே எல்லாம் நின்றுவிடுவதால், பதிவேடு வெறுமையாக இருப்பதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் பிழை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

என் அனுபவத்தில் இத்தகைய உறைவுகளில் பல மின்சேமிப்பைச் சுற்றியே வருகின்றன. மின்கலம் நீடிக்க வேண்டும் என்பதற்காக அட்டை அடிக்கடி உறங்கி விழிக்கிறது. அந்த விழிப்பில் டிரைவரும் அட்டையின் உள் மென்பொருளும் ஒன்றையொன்று தவறவிடுகின்றன. முதலில், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் மென்பொருளில் வைஃபை மின்சேமிப்பை நிறுத்தினேன். அதன் அமைப்புக் கோப்பில் மதிப்பு 3 என்றால் மின்சேமிப்பு ஓடும், 2 என்றால் நிற்கும். பதினொரு நிமிடம் நாற்பது நிமிடமானது, ஆனால் மறுபடியும் நின்றது. பிறகு, அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான பிசிஐ இணைப்பும் தனியாக உறங்கும் என்பதால், அந்த டிரைவருக்குரிய தெரிவில் அதையும் நிறுத்தினேன். மூன்று நாள் என் மேசையிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். நிற்கவே இல்லை.

எல்லாக் கணினிக்கும் இதுவே மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெர்னலுக்கு வெளியிலிருந்து யாரோ நிறுவிக் கொடுத்த டிரைவர் இருந்தால் முதலில் அதையே சந்தேகியுங்கள். ரியல்டெக் 8821சிஇ அட்டைக்கான ஆதரவு கெர்னல் 5.9 இலேயே உள்ளே வந்துவிட்டது. அதற்கு முன் வெளியிலிருந்து டிரைவர் நிறுவியவர்களின் கணினியில் இப்போது இரண்டு டிரைவர்கள் ஒரே அட்டைக்குப் போட்டியிடக்கூடும்.

கணினி உறைந்தவுடன் மின் பொத்தானைப் பிடிக்காதீர்கள். ஓல்ட் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்துப் பிடித்தபடி, எஸ், யு, பி (S, U, B) ஆகிய எழுத்துகளை ஒவ்வொன்றாக, இடையில் சில நொடிகள் விட்டு அழுத்துங்கள். முதலாவது, எழுதப்படாமல் நிற்கும் தரவை வட்டில் எழுதும். இரண்டாவது, வட்டை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றும். மூன்றாவது, மீளத் தொடக்கும். முற்றாக இறுகிய கெர்னல் இதற்கும் அசையாது. அப்போது பொத்தான்தான் வழி.

விண்டோஸ் பயன்படுத்துவோரும் இதே கேள்வியிலிருந்து தொடங்கலாம். சாதன மேலாளரில் வைஃபை அட்டையின் பண்புகளுக்குள் முந்தைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் இருக்கிறது.

இப்படி ஒருமுறை அடிபட்டவர்கள் இற்றைப்படுத்தலையே நிறுத்திவிடுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. 2022 இல் வெளிப்பட்ட டர்ட்டி பைப் என்ற ஓட்டை 5.8 முதலான கெர்னல்களில் இருந்தது. சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்த ஒருவர் அதைக் கொண்டு முழு நிர்வாக உரிமையையும் எடுத்துவிடலாம். அதை அடைத்தது கெர்னல் இற்றைப்படுத்தல்தான். பழைய கெர்னலில் சில வாரங்கள் தங்குங்கள், அதையே நிரந்தர வீடாக்காதீர்கள்.

ஆசிரியையின் கோப்புகளை முதலில் ஒரு வெளிவட்டில் பிரதியெடுத்தேன். அதற்குப் பிறகே மேலே சொன்னவற்றைத் தொட்டேன். பங்குனியில் அடுத்த கெர்னல் வந்ததும் கணினியைக் கொண்டுவரச் சொல்லி, நான் இட்ட இரண்டு தெரிவுகளையும் எடுத்துவிட்டு ஒரு பகல் முழுவதும் ஓடவிட்டேன். இம்முறை அது நிற்கவில்லை. தையில் கைகொடுத்த அந்தப் பழைய கெர்னலைத் தானாக அழியாதபடி வைத்திருக்கிறேன். தொடக்கப் பட்டியலில் அது எத்தனையாவது வரி என்பதை ஒரு துண்டில் எழுதி மடிக்கணினியின் அடியில் ஒட்டிக் கொடுத்தேன்.